முகூர்த்த மாதத்தைச் சொல்லுங்கள், தீவைச் சொல்கிறேன்

தேனிலவு பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ரிசார்ட்டில் படுத்துக் கிடந்துவிட்டு வர வேண்டாம், கடல், மலை, காடு என்று ஏதாவது த்ரில்லாகச் செய்ய வேண்டும், ஆனால் ஏமாறக் கூடாது.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஆவணியில் எனக்குக் கல்யாணம். மறுவீடு, விருந்து எல்லாம் போக எட்டு நாள் லீவு இருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் வரை செலவு செய்யலாம். ஸ்கூபா, சர்ஃபிங், ட்ரெக்கிங் எல்லாவற்றிலும் ஆசை. ஏஜென்ட் அந்தமான் பேக்கேஜை பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா சார்?

பதில்: வேண்டாம். ஆவணியில் அந்தமான் ஏன் பாதி விலைக்கு வருகிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுவதே அந்தமானைத்தான், மே மூன்றாவது வாரத்திலேயே வந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகு எந்த நாளில் ரத்தாகும் என்று சொல்ல முடியாது, தண்ணீருக்கு அடியில் கலங்கலாக இருந்தால் ஸ்கூபாவுக்குக் கொடுத்த காசுக்கு உங்கள் கையைக்கூட நீங்கள் பார்க்க முடியாது. தாய்லாந்தில் புக்கெட், கிராபி பக்கமும் இதே கதைதான். அங்கே மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. டைவிங்குக்குப் பேர்போன சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே விடுகிறார்கள்.

நம்மூரில் தேனிலவுத் தேதியைத் தீர்மானிப்பது ஜோசியரும் மண்டபக்காரரும்தான், நாம் இல்லை. அதனால் ஊரை முதலில் பிடித்துக்கொண்டு அப்புறம் தேதி பார்ப்பது நடக்காத காரியம். மாதத்தை வைத்துக்கொண்டு ஊரைத் தேடுங்கள். ஆவணிக்கு நல்ல இடங்கள் இரண்டு: பாலி, அல்லது இலங்கையின் கிழக்குக் கரை.

பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெயில் காலம். 1,717 மீட்டர் உயரமுள்ள பத்தூர் எரிமலையில் விடிகாலை இருட்டில் ஏற ஆரம்பித்தால் இரண்டு மணி நேரத்தில் உச்சி, சூரியன் வருவதை அங்கிருந்து பார்க்கலாம். துலாம்பென் என்ற ஊரில் கரையிலிருந்து நடந்தே இறங்கி, மூழ்கிய கப்பலைப் பார்க்கும் ஸ்கூபா இருக்கிறது. 1942-ல் ஜப்பானிய நீர்மூழ்கி அடித்த அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது, கரையில் ஒதுங்கிக் கிடந்ததை 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் தள்ளிவிட்டது. அதன் மேல்பகுதி ஆழம் குறைவான இடத்திலேயே இருப்பதால் புதியவர்களும் பார்க்க முடியும். பக்கத்துத் தீவான நூசா பெனிடாவில் மான்டா திருக்கை காட்டுகிறேன் என்று சொல்வார்கள். அங்கே நீரோட்டம் பலமானது, தண்ணீரும் குளிரும், முதல் டைவை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். செலவில் சேர்க்க வேண்டியவை: போய் இறங்கியதும் எடுக்கும் விசா ஒருவருக்கு 5,00,000, சுற்றுலா வரி ஒருவருக்கு 1,50,000. பதறாதீர்கள், இரண்டும் அவர்கள் ஊர் ருபியா. ஆனால் ஆகஸ்ட் அங்கே உச்ச சீசன், ஐரோப்பாக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்கும் மாதம், அறை வாடகை ஏறியிருக்கும். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறிப் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று எட்டு ஆறாகிவிடும்.

உங்கள் பட்ஜெட்டுக்கு என் ஓட்டு இலங்கைக்குத்தான். பலரும் இலங்கை என்றால் மிரிசா, காலி என்று தெற்கே போய்விடுகிறார்கள். அது டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் சரி. மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலும் மேற்கிலும் மழை, கிழக்கில் வெயில். அப்போது அறுகம் குடாவில் சர்ஃபிங் சீசன். பெரிய அலையில் உலகம் முழுக்க இருந்து வந்தவர்கள் விளையாடுவார்கள், கற்றுக்கொள்ளும் ஆட்களுக்குப் பக்கத்திலேயே சின்ன அலை உள்ள இடங்கள் இருக்கின்றன. இல்லை என்றால் திருகோணமலை, நிலாவெளி. அங்கிருந்து படகில் புறாத் தீவுக்குப் போனால் முட்டளவுத் தண்ணீரைத் தாண்டியதுமே பவளப்பாறை. தமிழிலேயே விலை பேசலாம், அப்படியே பாறை உச்சியில் இருக்கும் கோணேசர் கோவிலுக்கும் போய்விட்டு வந்தால் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மலைப் பக்கமாகச் சுற்றிப் போனால் கித்துல்கலையில் களனி ஆற்று ராஃப்டிங். அந்தப் பக்கம் அப்போது மழைக்காலம் என்பதால் ஆற்றில் தண்ணீர் நிறைய இருக்கும், அளவுக்கு மீறினால் ஆளை இறக்க மாட்டார்கள், அன்றைக்கு அடம்பிடிக்காதீர்கள். ஒரு குறை உண்டு. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் அங்கிருந்து கிழக்குக் கரைக்குச் சாலையில் ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும். அதனால் அறுகம் குடா, திருகோணமலை இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்காமல் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு பேரில் யாருக்காவது சர்ஃபிங் வெறி இருந்தால் அறுகம் குடா, இல்லையென்றால் திருகோணமலை.

இன்னொரு வழியும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மாலத்தீவு என்றாலே தண்ணீர் மேல் வீடு என்று நினைக்காதீர்கள், உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. பா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு குடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மான்டாக்கள் கூட்டமாக வரும். அங்கே ஸ்கூபா கிடையாது, முகமூடி போட்டு மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கலிங் மட்டும்தான். நம் நாட்டவருக்கு விசா போய் இறங்கியதும் இலவசம். உள்ளூர்த் தீவுகளில் மதுவுக்குத் தடை. மான்டாவைத் தவிர வேறு வகை சாகசம் அங்கே குறைவு என்பதால்தான் உங்களுக்கு மூன்றாவதாகச் சொல்கிறேன்.

கேள்வி (ராயபுரம்): தை மாசம் கல்யாணம், அந்தமான் என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டு மாடியில் நின்றால் ஹார்பர் கப்பல் தெரிகிறது, அதிலேயே ஏறிப் போனால் என்ன என்று அவர் கேட்கிறார். கப்பலில் போகலாமா, ஃப்ளைட் நல்லதா?

பதில்: தை மாதத்துக்கு அந்தமான் அருமையான தேர்வு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதியாக, தெளிவாக இருக்கும்.

கப்பல் ஆசை நியாயமானதுதான், ஆனால் கணக்குப் பாருங்கள். விமானம் இரண்டேகால் மணி நேரம். கப்பல் சுமார் 60 மணி நேரம், ஏறி இறங்கும் சடங்குகளையும் சேர்த்தால் மூன்று நாள். மாதத்தில் சில நடைதான், தேதி மாறுவதும் சகஜம், அதை நம்பி மற்ற புக்கிங்கை இறுக்கமாகப் போட முடியாது. மலிவான பங்க் வகுப்பு என்பது வரிசையாகப் படுக்கை போட்ட பெரிய கூடம், அதில் தேனிலவைத் தொடங்க நான் சொல்ல மாட்டேன். இருவர் மட்டும் தங்கும் டீலக்ஸ் கேபின் கிடைத்தால், லீவும் தாராளமாக இருந்தால், போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வையுங்கள். கரை மறைந்த பிறகு இருக்கும் கடலைப் பார்ப்பதே தனி அனுபவம்தான். காசிமேட்டுச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் சிரிப்பார்கள், ஆனால் கடல் மயக்கத்துக்கு டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டிலும் மேப்பிலும் பெயர் பார்த்துக் குழம்ப வேண்டாம்: போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். படகு டிக்கெட்டை விமான டிக்கெட்டோடு சேர்த்தே போட்டுவிடுங்கள், சீசனில் தீர்ந்துவிடும்.

ஹேவ்லாக்கில் இரவில் கயாக் ஓட்டிக்கொண்டு போனால் துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிரும். 2019-ல் நம்ம ஈசிஆர் கடற்கரையில் அலை மின்னியதே, கிட்டத்தட்ட அதே சங்கதி, கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் செய்யும் வேலை. இதற்கு நிலா எதிரி. பௌர்ணமியை ஒட்டிப் போனால் பாதிகூடத் தெரியாது, டெய்லி காலண்டரில் அமாவாசை பார்த்துத் தேதி குறியுங்கள். பாராடாங் தீவுக்குப் போய் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் புகுந்து சுண்ணாம்புக் குகை பார்ப்பதும் நன்றாக இருக்கும். வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி, வண்டிகள் கான்வாயாகத்தான் போகும், நடுவில் நிறுத்துவதோ அவர்களைப் படம் எடுப்பதோ குற்றம். பவளத் துண்டை நினைவுப் பொருளாகப் பையில் போட்டு வருவதும் குற்றம்தான்.

கேள்வி (வியாசர்பாடி): அவருக்கு ஸ்கூபா மேல் உயிர். எனக்கு நீச்சலே தெரியாது, சின்ன வயதில் வீசிங் வேறு இருந்தது. "ஒன்றும் ஆகாது, நீச்சல் தேவையில்லை" என்கிறார்கள் ஸ்கூபா கடைக்காரர்கள். நம்பலாமா?

பதில்: நீச்சல் தேவையில்லை என்பது உண்மை. ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் சொல்ல வேண்டியது.

முதல்முறை போகிறவர்களுக்கான அறிமுக டைவில் அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம், பயிற்றுநர் கூடவே இருப்பார். அதற்கு முன் உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள், அதில் ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் எல்லாம் கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடிக்கச் சொல்லி அவசரப்படுத்தும் கடையில் தண்ணீரில் இறங்காதீர்கள். வீசிங் இருந்தவர் என்றால் இங்கேயே நுரையீரல் மருத்துவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே போய்த் தேட முடியாது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். லைஃப் ஜாக்கெட் போட்டு ஸ்நார்க்கலிங் செய்யலாமா என்று அதே மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இரவு கயாக்கும் இருக்கிறது, உங்களவர் டைவ் பண்ணும் காலையில் நீங்கள் தூங்கலாம், இரவில் சேர்ந்து போகலாம்.

காசு கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், தண்ணீருக்கு அடியில் எத்தனை நிமிடம், போட்டோ வீடியோ விலையில் சேர்ந்ததா. "ஒன்றரை மணி நேர ஸ்கூபா" என்பதில் உடை மாட்டுவதும் பாடம் எடுப்பதும் போக உள்ளே இருப்பது பல இடங்களில் அரை மணிகூட வராது. சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் அன்று டைவ் வேண்டாம், காது போய்விடும். டைவ் முடிந்து 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும், அதனால் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் ஸ்கூபா போட்டிருக்கும் பேக்கேஜை அப்படியே திருப்பிக் கொடுங்கள். அதைப் போட்ட ஆளுக்கு இந்தத் தொழில் தெரியவில்லை.

கேள்வி (பெரம்பூர்): தங்கச்சி கல்யாணத்துக்கு பாலி பேக்கேஜ் பரிசாகத் தரலாம் என்று இருக்கிறேன். பாதிப் பணம் அட்வான்ஸ், திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். மால் ஒன்றில் லக்கி டிராவில் "ஹனிமூன் பேக்கேஜ்" விழுந்ததாகவும் போன் வருகிறது.

பதில்: லக்கி டிராவை மறந்துவிடுங்கள். ஜோடியாக வரச் சொல்லி, மூன்று மணி நேரம் உட்கார வைத்து, பல வருட மெம்பர்ஷிப் விற்பதுதான் அதன் வேலை.

பேக்கேஜ் என்றால் நாள்வாரியாக எழுத்தில் வாங்குங்கள். ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தால் அந்த இணையானதன் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், விஷயமே அங்கேதான் ஒளிந்திருக்கும். மழையாலோ அலையாலோ டைவ், ட்ரெக் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்று ஒரு வரி வேண்டும். பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும், யாரோ ஒருவரின் ஜிபே நம்பருக்கு வேண்டாம், ஜிஎஸ்டி பில் கண்டிப்பாக வேண்டும். டிக்கெட் தந்ததும் பிஎன்ஆரை விமான நிறுவனத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், ஓட்டலுக்கும் ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.

வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று, விற்பவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். அது கூடுதல் செலவு இல்லை, வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், எனவே ரிட்டர்ன் போடுகிறவரின் பான் எண்ணைக் கொடுங்கள். விமான டிக்கெட்டையும் ஓட்டலையும் தனித்தனியாக நீங்களே போட்டால் அது பேக்கேஜ் ஆகாது, இந்தப் பிடித்தமும் வராது.

ஏமாற்றிவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீரவில்லையா, நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் போக வேண்டியது சென்னை வடக்கு மாவட்ட ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைப் போட்டே ஆக வேண்டுமா? பயணக் காப்பீடு எடுத்தால் பாலியில் வாடகை ஸ்கூட்டர் ஓட்டலாமா?

பதில்: பெயர் மாற்றத் தேவையே இல்லை. தேனிலவுக்கு முன் மாற்றப் போனால்தான் சிக்கல், பழைய பெயரில் டிக்கெட், புதுப் பெயரில் பாஸ்போர்ட் என்று விமான நிலையத்தில் நிற்பீர்கள். பத்திரிகையில் என்ன பெயர் அடித்திருந்தாலும் டிக்கெட்டில் பாஸ்போர்ட் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியும் இருக்கட்டும்.

காப்பீட்டில் சாகச விளையாட்டு பெரும்பாலும் சேர்ந்திருக்காது, தனியாகக் கேட்டுக் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். ஸ்கூபா என்றால் எத்தனை மீட்டர் வரை, மலை என்றால் எவ்வளவு உயரம் வரை என்று பாலிசியிலேயே இருக்கும், வாங்குவதற்கு முன் அதைப் படியுங்கள். அந்த நாட்டில் செல்லுபடியாகும் இருசக்கர உரிமம் இல்லாமல் ஸ்கூட்டரில் விழுந்தால் கிளெய்ம் வராது. டிரைவரோடு காரை ஒரு நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள்.