சொந்தப் படங்களை வைத்து கொலாஜ்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என்னிடம் ஃபோட்டோஷாப் இல்லை, பழைய லேப்டாப்தான் இருக்கிறது. தொடங்க முடியுமா?

தாராளமாகத் தொடங்கலாம். படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருள் இலவசம். அதே வேலையைச் செய்யும் ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும். படத்துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் கொலாஜுக்கு லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), மாஸ்க் (லேயரில் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை), பிளெண்ட் மோட் (மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் விதம்) மூன்றும் இருந்தால் போதும், இரண்டிலுமே உண்டு. எரேசரை மட்டும் தொடாதீர்கள். அழித்தது போனது போனதுதான். மாஸ்க்கில் மறைத்ததை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம்.

கேள்வி: எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும், ஆளைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஓரத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பாருங்கள். ஆளின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பின்னணியில் தூணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? இரண்டும் எதிரெதிராக இருந்தால் எப்படி வெட்டினாலும் கண் ஏற்காது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் சேலைத் தலைப்பு வலது தோளுக்குப் போய்விடும், பின்னால் உள்ள கடைப் பலகையின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாக மாறிவிடும். நம் ஊர்க் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

அப்புறம் கேமராவின் உயரம். உட்கார்ந்து எடுத்த ஆளை, மாடியிலிருந்து எடுத்த தெருவில் நிறுத்தினால் மிதப்பது போலத்தான் இருக்கும். கடைசியாகக் காலடி நிழல்: ஆளுக்குக் கீழே புது லேயர் போட்டு, மல்ட்டிப்ளையில் (கீழே உள்ளதை இருட்டாக்கும் பிளெண்ட் மோட்) வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தீட்டுங்கள். பாதம் தரையைத் தொடும் இடத்தில் அடர்த்தி, தள்ளிப்போகப்போக மங்கல். சுத்தக் கறுப்பு வேண்டாம். அதே படத்தில் ஏற்கெனவே இருக்கும் நிழலிலிருந்து நிறத்தை எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரிவரவில்லையென்றால், திரும்பப் போய் எடுத்துவிடுங்கள். சொந்தப் படத்தில் வேலை செய்வதன் பெரிய வசதியே அதுதான். எந்தப் பக்க வெளிச்சம் வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: எல்லாம் பொருந்தித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாமே! 1919-லும் 1920களிலும் பெர்லினில் ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோக் பத்திரிகைப் படங்களை வெட்டி, பெரிய தலையைச் சின்ன உடலில் வைத்தார். அந்தப் பொருத்தமின்மைதான் அவருடைய பேச்சு. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி ஒரே காட்சியைத் துண்டு துண்டாகப் போலராய்டில் (உடனே பிரிண்ட் தரும் கேமரா) எடுத்து அடுக்கினார். இது உங்களுக்கு நல்ல பயிற்சி. சமையலறையில் நின்று அடுப்பு, ஜன்னல், அஞ்சறைப்பெட்டி என்று ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எடுத்து, அப்படியே அடுக்குங்கள். எதையும் நேர்செய்யாதீர்கள். பாதி பொருந்தி பாதி பொருந்தாமல் விடுவதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

கேள்வி: தலைமுடியை வெட்டவே முடியவில்லை.

வெள்ளைச் சுவர் முன்னால், மேகமூட்டமான நாளில் எடுங்கள். அந்த லேயருக்கு ஒரு நகல் எடுத்து, இரண்டில் அடியில் உள்ளதை மல்ட்டிப்ளையில் வைத்தால் சுவர் மறைந்து முடி மட்டும் நிற்கும். மேல் லேயரில் முகத்தையும் உடலையும் மட்டும் மாஸ்க்கால் காட்டுங்கள். ஆளை வைக்கும் புதுப் பின்னணியும் வெளிர் நிறமாக இருந்தால்தான் இது பலிக்கும்.

கேள்வி: ஏ3 அளவில் பிரிண்ட் போட்டேன், மங்கலாக வந்தது.

தொடங்கும்போதே கோப்பை 3508 × 4961 பிக்சலில் திறவுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியிருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: பாட்டியின் பழைய ஸ்டூடியோ படத்தைச் சேர்க்க ஆசை. வெட்ட மனம் வரவில்லை.

வெட்டவே வேண்டாம். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்துவிட்டு அசலை ஆல்பத்தில் திரும்ப வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால், நேர்வெயில் படாத ஜன்னலோரம் படத்தைக் கிடத்தி, ஃபோனை அதற்கு இணையாகப் பிடித்து எடுங்கள். மடிப்பையும் கீறலையும் துடைத்துவிடாதீர்கள், அது அந்தப் படத்தின் வயது. பின்பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்டூடியோ முத்திரையோ யாராவது பேனாவில் எழுதிய தேதியோ இருந்தால், அதை மல்ட்டிப்ளையில் வைத்துக் கொலாஜின் ஓரத்தில் சேர்க்கலாம்.