ஏழெழுபது தரம்னு யாருக்குச் சொன்னாருங்க?

கேள்வி: ஐயா, நானும் எங்கண்ணனும் சோமனூர்ல சேந்து தறி ஓட்டிட்டிருந்தோம். கடன் நெருக்கடில அவருக்குத் தெரியாம ஆறு தறியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நான் ஊரை விட்டு வந்துட்டேன். இப்ப ரட்சிக்கப்பட்டு நாலு வருசம் ஆச்சு, சபையில சாட்சியும் சொல்லிருக்கேன், ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார். அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல 'என்னை மன்னிச்சிருங்க, நானும் உங்களை மன்னிச்சிட்டேன்'னு அனுப்புனேன், பாத்துட்டு பதிலே போடல. சொந்தத்துல ஒரு கல்யாணத்துலயும் மூஞ்சி குடுத்துப் பேசல. அவரும் வாராவாரம் சர்ச்சுக்குப் போறவர்தான். ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு வசனம் இருக்கறப்ப அவர் பண்றது பாவம் இல்லீங்களா?
- வாசகர், பல்லடம்

பதில்: தம்பி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். தறி வித்த காசு எவ்வளவுன்னு அதுல ஒரு எடத்துலகூட இல்லை, அதுல அண்ணன் பங்கு எவ்வளவுன்னும் இல்லை, திருப்பிக் குடுத்தேன்னோ குடுக்கறேன்னோ ஒரு வார்த்தை இல்லை. 'நானும் உங்களை மன்னிச்சிட்டேன்'னு போட்டிருக்கீங்களே, அவரு உங்களுக்கு என்னங்க பண்ணுனாரு? அதுவும் லெட்டர்ல இல்லை.

ஏழெழுபது தரம்னு இயேசு சொன்னது அவரோட சீஷர் பேதுருகிட்ட. பேதுரு எந்த எடத்துல நின்னுட்டு கேட்டாருன்னு மத்தேயு 18ல பாருங்க, 'என் சகோதரன் எனக்கு குற்றம் பண்ணுனா நான் எத்தனை தரம் மன்னிக்கணும்'னு அடிபட்டவன் எடத்துல நின்னு கேட்டாரு. அடிச்சவன் போயி 'ஆண்டவரே, அவன் என்னை இன்னும் எத்தனை தரம் மன்னிக்கணும்'னு கேட்டதா நாலு சுவிசேஷத்துல ஒண்ணுலயும் இல்லீங்க. அந்த வசனம் உங்கண்ணனுக்கு வந்த லெட்டர், அத நீங்க பிரிச்சுப் படிச்சுட்டு அவர்கிட்டயே வசூல் பண்ணப் போறீங்க.

அதே அதிகாரத்துல ராஜாகிட்ட பதினாயிரம் தாலந்து, அதாவது தீக்கவே முடியாத பெரிய தொகை, கடன்பட்ட ஊழியக்காரன் கதை வருது. அத்தனையையும் ராஜா மன்னிச்சு விட்டுட்டாரு, அவனோ வெளிய போயி தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய இன்னொரு ஊழியக்காரன் கழுத்தப் புடிச்சான். பிரசங்கத்துல எல்லாம் அந்தப் பதினாயிரத்தப் பத்தித்தான் பேசுவாங்க, அந்த இன்னொருத்தன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணத்தை ஏதோ சில்லறை மாதிரி தாண்டிப் போயிருவாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். மத்தேயு 20ல திராட்சத்தோட்டத்து ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பணம், அப்ப நூறு பணம்னா மூணு மாசத்துக்கு மேல கூலி. ராத்திரி ஷிப்ட்டு தறி ஓட்டற ஒருத்தருக்கு மூணு மாசக் கூலி போனா வீட்டுல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா? அது சின்னக் கடன்னு இயேசு எங்கயும் சொல்லல. அந்த நூறு பணக் கடன்காரன்கூட கால்ல விழுந்து, கொஞ்சம் பொறுத்துக்குங்க, எல்லாத்தையும் குடுத்துத் தீத்தர்றேன்னுதான் கெஞ்சுறான். அந்த ஒரு வார்த்தை உங்க மெசேஜ்ல இல்லையே தம்பி.

உங்களுக்குன்னு எழுதுன வசனம் மத்தேயு 5ல இருக்குது. பலிபீடத்துகிட்ட காணிக்கையோட நிக்கறப்ப, உம்மேல உன் சகோதரனுக்குக் குறை உண்டுன்னு ஞாபகம் வந்தா காணிக்கைய அங்கயே வெச்சுட்டு மொதல்ல போயி ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகுன்னு. இயேசு இதப் பேசுனது கலிலேயாவுல, பலிபீடம் இருந்தது எருசலேம்ல, நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல, நடந்தா நாள்கணக்குல ஆகும். அத்தனை தூரம் திரும்பி நடந்து போகச் சொல்றாரு. பல்லடத்துல இருந்து சோமனூர் எவ்வளவு தூரம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கும் முன்னாடியே லேவியராகமம் 6ல, ஏமாத்துன பொருளை முழுசாக் குடுத்து, மேல அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் குடுத்துட்டுத்தான் குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவக் கொண்டு வரணும்னு இருக்கு. வரி வசூல் பண்ணிட்டிருந்த சகேயு, ஏமாத்தி வாங்குனத நாலத்தனையாத் திருப்பித் தர்றேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இயேசு 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது'ன்னாரு.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா பேரு உங்க சபையிலயும் அடிக்கடி சொல்லுவாங்க. 1999 ஜனவரில ஒடிசாவுல மனோகர்பூர்ல அவங்க வீட்டுக்காரரையும் ரெண்டு பசங்களையும் ஜீப்புக்குள்ள வெச்சுக் கொளுத்துனாங்க, பெரியவனுக்கு 10 வயசு, சின்னவனுக்கு 6. அந்தம்மா மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க, பாரிபதாவுல தொழுநோயாளிங்களுக்குச் செஞ்சிட்டிருந்த வேலைய விட்டுட்டு உடனே சொந்த நாடு ஆஸ்திரேலியாவுக்கும் போயிரல. கேஸு அதுபாட்டுக்கு நடந்துச்சு, முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனைய 2011ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அந்தம்மா குடுத்த மன்னிப்பு யாரும் வசனம் காட்டிக் கேட்டு வாங்குனதில்லீங்க. அதனாலதான் இத்தனை வருசம் கழிச்சும் நெனச்சா நெஞ்சு அடைக்குது.

உங்கண்ணன் மன்னிக்கணுமா? மன்னிக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல, அவரு எழுதியிருந்தா அவருக்குக் கஷ்டமான பதிலைத்தான் எழுதியிருப்பேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. வாராவாரம் பரமண்டல ஜெபத்துல 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல'ன்னு அவரும்தான் சொல்றாரு. கத்தோலிக்க ஜெபத்துல 'தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல'ன்னு வரும், நம்ம ஜெபத்துல அப்படியே கடன்னே வருது. தம்பி தறிய வித்துட்டுப் போனதுக்கு அப்பறம் காலியாக் கெடந்த தறிக்குழியப் பாத்த மனுசனுக்கு அந்த எடத்துல தொண்டை எப்படி அடைச்சிருக்கும்! அடைச்சும் அவரு அத விடாம சொல்லிட்டிருக்கார்னா, மன்னிக்கறதுக்கு உள்ளுக்குள்ள எத்தனை வருசமா மல்லுக்கட்டிட்டிருக்காரோ. உங்க மெசேஜப் பாத்துட்டு திட்டி ஒரு வரி போடாம இருந்தாரே, அதையே நான் பெருசா நெனைக்கறேன்.

மொதல்ல அந்த மாதிரி மெசேஜ் அனுப்பறத விட்டுருங்க. அப்பறம் நேர்ல போங்க, போதகரையும் கூட்டிட்டுப் போகாதீங்க, ஒறம்பரைல பெரியவங்களையும் கூட்டிட்டுப் போகாதீங்க, அவங்க மொகத்துக்காக அவரு சரின்னு சொல்ற மாதிரி ஆயிரும். பைபிளும் கையில வேண்டாம். ஆறு தறி இன்ன தொகைக்குப் போச்சு, அதுல உங்க பங்கு இவ்வளவு, மாசம் என்னால இவ்வளவு முடியும், இந்தாங்க இந்த மாசத்துதுன்னு சொல்லிக் குடுங்க. ஆண்டவர் மன்னிச்சிட்டார்ங்கறத அன்னைக்கு அவர்கிட்ட சொல்லாதீங்க. அவரு கதவத் தொறக்கலைன்னா பணத்த அண்ணிகிட்ட குடுத்துட்டு வந்துருங்க, அவங்களும் வாங்கலைன்னா அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் ரெண்டு மாசத்துதாக் கொண்டு போங்க.