பழைய காலத்துத் தையல் பேட்டர்னை வைத்து இன்றைக்குப் போட்டுக்கொள்ளும்படி வீட்டிலேயே தைக்க முடியுமா?

தாராளமாகத் தைக்கலாம். பேட்டர்ன் என்பது துணியை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று காட்டும் காகித அச்சு. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது போல, "1950களின் கவுன் பேட்டர்ன் ஒன்று கிடைத்திருக்கிறது, உறையில் 14 என்று போட்டிருக்கிறது, நான் கடையில் வாங்குவதும் 14 தான், அப்படியே வெட்டிவிடலாமா?" என்றால், தயவுசெய்து வெட்டாதீர்கள். பழைய பேட்டர்னில் நம்ப வேண்டியது உறையை அல்ல, உள்ளே இருக்கும் தாளை. அதை அளந்து பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

அமெரிக்கப் பேட்டர்ன்களில் 34 அங்குல மார்பளவுக்கு 1950களின் முற்பாதி வரை 16 என்று எண் போட்டார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் அதே 34க்கு 14 ஆனது. 1960களின் இறுதியில், ரெடிமேட் துணிகளின் எண்ணோடு ஓரளவு ஒத்துப்போக வேண்டும் என்று மறுபடி மாற்றியதில் அது 12 ஆகிவிட்டது. உடம்பு ஒன்று, எண் மூன்று. உங்கள் 14 எந்த வருடத்தது என்பதைப் பொறுத்து 32 ஆகவும் இருக்கலாம், 34 ஆகவும் இருக்கலாம். இன்றைய கடை 14 இரண்டையும்விடப் பல அங்குலம் பெரியது. அதனால் எண்ணை மறந்துவிட்டு, உறையில் மார்பளவு என்று தனியாக அச்சிட்டிருப்பதை மட்டும் பாருங்கள்.

வருடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: பல உறைகளில் வருடமே இருக்காது. ஆனால் கம்பெனியின் அமெரிக்க முகவரியில் ஜிப் கோடு (நம் பின்கோடு மாதிரியான அஞ்சல் எண்) இருந்தால் அது 1963க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த எண்முறை அப்போதுதான் வந்தது. இன்னும் துல்லியமாகத் தேட ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் வணிகப் பேட்டர்ன் காப்பகம் உதவும்.

இனி தாளுக்கு வருவோம். 1863இல் எபனேசர் பட்டரிக் அளவு வாரியான காகிதப் பேட்டர்ன்களை விற்க ஆரம்பித்ததிலிருந்து வெகுகாலத்துக்கு, ஒரு உறைக்குள் ஒரே ஒரு அளவுதான் இருந்தது. இப்போது மாதிரி நாலைந்து அளவுகளின் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்காது. மிகப் பழையவற்றில் கோடுகளே இருக்காது. மெல்லிய டிஷ்யூ தாளை வடிவம் வடிவமாக வெட்டி, துளைகள் மட்டும் போட்டிருப்பார்கள். பெரிய துளை, சிறிய துளை, இரட்டைத் துளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள்: இங்கே துணியின் மடிப்பில் வை, இது நேர்நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூலின் திசை), இங்கே டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் கூர்முனைப் பிடிப்பு) பிடி. எந்தத் துளைக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே கூட வரும் விளக்கத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். அந்தத் துளைகளின் மொழி பிடிபட்டுவிட்டால், வெறும் தாளாகக் கிடந்தது சட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

அந்தத் தாளைத் துணிமேல் வைத்து வெட்டவே கூடாது. மடிப்பு மடிப்பாக நொறுங்கும். நீராவி இல்லாமல் மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு நீவி, வேறு தாளில் படியெடுத்துக்கொள்ளுங்கள். நேர்நூல் கோடு, டாட், கை எந்த இடத்தில் பொருந்தும் என்ற அடையாளம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அசலை உறையில் போட்டு வைத்துவிடுங்கள். இனி வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் படியில்தான். தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் 5/8 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். சிலவற்றில் அரை அங்குலம்தான். பூர்தா போன்ற ஐரோப்பியப் பத்திரிகைகளின் பழைய பேட்டர்ன் தாள்களில் ஒன்றுமே விட்டிருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

அளப்பது சுலபம். முன்பாகத்தில் மார்பு மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து பக்கத் தையல் கோடு வரை அளங்கள். டாட்டுக்குள் போகும் அளவையும் தையலுக்கு விட்டதையும் சேர்க்கக் கூடாது. பின்பாகத்திலும் அப்படியே. முன்னால் 10, பின்னால் ஒன்பதரை வந்தால் கூட்டி இரட்டிக்க 39. உங்கள் மார்பளவு 36 என்றால் 3 அங்குலம் தளர்வு இருக்கிறது. நீட்சி இல்லாத துணியில் உடம்போடு படிகிற மேல்பாகத்துக்கு இரண்டிலிருந்து மூன்று அங்குலம் போதும். இடுப்பு, இருப்பு (இடுப்புக்குக் கீழே பிட்டத்தைச் சுற்றிய அளவு), கையின் மேல்சுற்று இவற்றையும் இதே மாதிரி பாருங்கள். நன்றாகப் பொருந்தும் அளவுச் சட்டை ஒன்று உங்களிடம் இருந்தால் அதையும் அளந்து பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பிட அதைவிட நல்ல பொருள் இல்லை.

பேட்டர்ன் வாங்கும்போது மார்பின் முழுச் சுற்றைவிட அக்குளை ஒட்டிய மேல்மார்புச் சுற்றைப் பார்த்து வாங்குவது நல்லது. தோளும் கழுத்தும் பொருந்திவிட்டால் மார்பைப் பெரிதாக்குவது, இடுப்பை விடுவது எல்லாம் செய்துவிடலாம். தோள் பொருந்தாத பேட்டர்னைச் சரிசெய்வது பெரிய பாடு.

அடுத்து, பலர் கவனிக்காமல் விடுவது: அந்த பேட்டர்ன்கள் வெறும் உடம்புக்கு வரைந்தவை அல்ல. 1950களில் இடுப்பையும் வயிற்றையும் இறுக்கும் உள்ளாடை, மார்பைத் தூக்கி நிறுத்தும் கூர்மையான பிரா, இவற்றின் மேல் போடுவதற்காக வரைந்தவை. அதனால் இடுப்பு மிகச் சின்னதாக இருக்கும், மார்பு டாட்டின் முனை இன்றைக்கு நமக்குத் தேவையானதைவிட மேலே போய் நிற்கும். டாட்டை இறக்க ஒரு நேரான வழி உண்டு. படித்தாளில் டாட் முழுவதையும் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து, அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, வேண்டிய அளவு கீழே நகர்த்தி ஒட்டுங்கள். மேலே விழும் இடைவெளியைத் தாள் வைத்து அடைத்து, பக்கக் கோட்டைச் சீராக வரைந்துவிடுங்கள். டாட்டின் முனை மார்பின் உச்சியைத் தொடக் கூடாது, சுமார் ஒரு அங்குலம் முன்னதாகவே நின்றுவிட வேண்டும்.

1940களின் சட்டை என்றால் தோளுக்குள் பஞ்சுத் திண்டு வைப்பதற்கான உயரம் சேர்ந்தே இருக்கும். திண்டு வேண்டாம் என்றால் தோள்கோட்டின் வெளிமுனையைத் திண்டின் கனத்துக்கு இறக்கி, கைக்குழியின் அடியையும் அதே அளவு இறக்கிவிடுங்கள். குழியின் வடிவம் மாறாது, கையை மறுபடி வரைய வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஒரு காரணத்தைத் தவிர வேறு எதற்காகவும் கைக்குழியை இறக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய பேட்டர்ன்களின் கைக்குழி சின்னதாக, அக்குளை ஒட்டி உயரமாக இருக்கும். தாளில் பார்த்தால் இறுக்கும் போலத் தோன்றும், உடனே ஆழமாக வெட்டத் தோன்றும். உண்மையில் குழி உயரமாக இருப்பதால்தான் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் கூடவே ஏறுவதில்லை. ஆழமாக வெட்டினால் கை விலாவோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். இறுக்கமாக இருந்தால் கையின் மேல்சுற்றை அகலப்படுத்துங்கள், இல்லாவிட்டால் முதுகின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மேல்பாகத்தை மட்டுமாவது ஒரு காடாத் துணியில் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். சுருக்கம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அங்கேதான் துணி போதவில்லை.

உறையில் போட்டிருக்கும் துணிக் கணக்கும் அப்படியே இன்றைக்குப் பொருந்தாது. அது பெரும்பாலும் 35 அல்லது 39 அங்குல அகலத் துணிக்குப் போட்டது. இன்று 44, 58 அங்குலம் சாதாரணம். படித்தாள்களைத் தரையில் உங்கள் துணியின் அகலத்துக்குள் பரப்பி அளந்துவிட்டு வாங்கினால் நிறைய மிச்சமாகும். ஒரே பக்கமாக ஓடும் பூப்போட்ட துணி என்றால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள்.

ஜிப் பல கவுன்களில் இடது பக்கத் தையலில், அக்குளுக்குக் கீழே இருக்கும். தலைவழியாக நெளிந்து நுழைய வேண்டும். முதுகு நடுவுக்கு மாற்ற விரும்பினால், அந்தத் துண்டை மடிப்பில் வைத்து வெட்டாமல், நடுவில் தையலுக்கு விட்டு இரண்டாக வெட்டி, மறைவு ஜிப் வைத்துவிடலாம். காலர் போன்றவை விறைப்பாக நிற்க உள்ளே தைத்துச் சேர்க்கும் கேன்வாஸுக்குப் பதில் இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ், கையால் ஓரம் கட்டுவதற்குப் பதில் ஓவர்லாக், இவையெல்லாம் தாராளமாகச் செய்யலாம். பழைய முறையில்தான் தைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, போட்டால் நாடக உடை மாதிரி இல்லாமல் இன்றைய உடையாக எப்படித் தெரியும்? என் அபிப்பிராயத்தில் அதைத் தீர்மானிப்பது முக்கியமாகத் துணிதான். பழைய வெட்டும் பழைய பாணிப் பூப்போட்ட துணியும் சேர்ந்தால் வேஷம் போட்டது போலாகிவிடும். அதே வெட்டை ஒற்றை நிற லினனிலோ நன்றாக விழும் விஸ்கோஸிலோ தைத்தால் யாரும் வருடம் கேட்க மாட்டார்கள். அப்புறம், பேட்டர்னில் எது உங்கள் மனதைப் பிடித்ததோ அந்த ஒன்றை மட்டும் முழுமையாக வைத்துக்கொள்ளுங்கள். யோக்குக்குக் (தோளில் தனியாக வைத்துத் தைக்கும் துண்டு) கீழே விழும் சுருக்கு பிடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள், கனமான காலரைச் சின்னதாக்குங்கள். காலர்தான் அழகு என்றால் முழுவட்டப் பாவாடையின் சுற்றைக் குறைத்து, பக்கத்தில் பை வையுங்கள்.

உங்களிடம் இருக்கும் 1950களின் கவுனுக்கு முன்னால், முடிந்தால் 1960களின் ஏ-லைன் (மேலிருந்து கீழே A எழுத்துப் போல விரியும்) கவுனோ 1970களின் பாவாடையோ ஒன்று தைத்துப் பாருங்கள். இடுப்பில் இறுக்கம் இல்லாததால் ஏ-லைன் கவுனைப் பொருத்துவது எளிது. பாவாடைக்கு இடுப்பும் இருப்பும் சரியாக இருந்தால் போதும். 1930களின் கிராஸ் கட் உடைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர்நூலுக்கு மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபடும், ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்ட பிறகுதான் கீழ் விளிம்பை மடித்தடிக்க முடியும். 1970களின் உறையில் நீட்சித் துணிக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அதைப் பருத்தியில் முயலாதீர்கள், தளர்வே விடாமல் வரைந்திருப்பார்கள்.