டாக்டருக்கு மாதச் சந்தா: இது இன்சூரன்ஸா, வயதானவர்கள் சேரலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். டெக்சாஸில் இருக்கும் உங்கள் மகள் அங்கே ஒரு டாக்டருக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிறார். தேவகோட்டையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கிலும், வருடச் சந்தா கட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து காட்டலாம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா, இது இன்சூரன்ஸா, 70 வயதைத் தாண்டிய நீங்களும் வீட்டுக்காரரும் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன், டாக்டர் இல்லை. என் தங்கச்சி குடும்பம் டல்லாஸ் பக்கத்தில் மூன்று வருடமாக இந்த முறையில்தான் வைத்தியம் பார்க்கிறது. பள்ளத்தூர் வீட்டில் இருக்கும் எங்கள் ஆத்தாவுக்கும் இங்கே ஒரு டாக்டரிடம் இதே மாதிரி ஏற்பாடு செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டையும் கிட்ட இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இது இன்சூரன்ஸ் இல்லை. டாக்டருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டிவிடுகிறோம். காய்ச்சல், சளி, சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மூட்டு வலி, சின்னக் காயம் என்று அன்றாடம் வருகிற எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்கிறார். போகும்போதெல்லாம் தனி ஃபீஸ் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால், ஆபரேஷன், ஸ்டென்ட், டயாலிசிஸ் என்று வந்தால், அந்தச் செலவுக்கு இந்தச் சந்தாவில் இருந்து ஒரு பைசா வராது. அதற்கு இன்சூரன்ஸ் தனியாக இருந்தே ஆக வேண்டும். சந்தா கட்டுகிறோமே என்று இன்சூரன்ஸை விட்டுவிட்டால் பெரிய ஆபத்து.

நம் பக்கத்து ஆட்களுக்கு, கோயிலுக்குக் கட்டுகிற புள்ளி வரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மாதம் நாலு தடவை கோயிலுக்குப் போகிறவரானாலும், மலேசியாவில் இருந்துகொண்டு வருடக்கணக்கில் ஊர்ப்பக்கம் வராதவரானாலும், புள்ளிக்கு வரி ஒன்றுதான். அந்தப் பணத்தில் விளக்கு எரிகிறது, பூசை நடக்கிறது. நாம் போகிற அன்றைக்குக் கோயில் திறந்திருக்கிறது. இந்த டாக்டர் சந்தாவும் அப்படித்தான். நாம் போனாலும் போகாவிட்டாலும் அவருக்கு வருமானம் ஒன்றே. அதனால் உள்ளே இருப்பவரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை.

அமெரிக்காவில் இது ஏன் வளர்ந்தது என்று தங்கச்சியிடம் கேட்டேன். அங்கே சாதாரணக் குடும்ப டாக்டர், ஒவ்வொரு நோயாளியைப் பார்த்ததற்கும் குறியீடு போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்ப வேண்டும். அதற்கென்று தனி ஆட்கள் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு டாக்டர் 2,000 பேருக்கு மேல்கூடத் தன் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைப்பதே பெரிது. இதில் வெறுத்துப்போன சில டாக்டர்கள் இன்சூரன்ஸ் பில்லே வேண்டாம் என்று வெளியே வந்தார்கள். அதற்கு அங்கே டைரக்ட் பிரைமரி கேர் என்று பெயர். வயது வந்தவர்களுக்கு மாதம் பெரும்பாலும் 50 முதல் 100 டாலர் வரை வாங்குகிறார்கள். ஒரு டாக்டரிடம் 400 முதல் 800 பேர் வரைதான் இருப்பார்கள். அரை மணி, ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பேசலாம். அன்றைக்கோ மறுநாளோ பார்த்துவிடலாம். போனிலோ மெசேஜிலோ கேட்டால் அவரே பதில் சொல்வார். ரத்தப் பரிசோதனைகளை லேபிடம் மொத்த விலைக்குப் பேசி வைத்திருப்பார்கள். சில மாநிலங்களில் மாத்திரையையும் அதே மாதிரி மொத்த விலையில் கிளினிக்கிலேயே கொடுக்கிறார்கள்.

தங்கச்சி குடும்பம் இதோடு ஒரு மலிவான இன்சூரன்ஸும் வைத்திருக்கிறது. பிரீமியம் குறைவு, ஆனால் வருடத்தில் முதல் சில ஆயிரம் டாலர் செலவைக் கைக்காசில் இருந்துதான் கட்ட வேண்டும். சின்ன வைத்தியத்துக்குச் சந்தா, பெரிய இடிக்கு இன்சூரன்ஸ் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் மகளுக்கு இன்னொரு செய்தியும் பயன்படும். அங்கே ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட் என்று வரி இல்லாமல் மருத்துவத்துக்குப் பணம் சேர்க்கும் கணக்கு இருக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதிரி சந்தா வைத்திருந்தால் அந்தக் கணக்கில் பணம் போடுவதில் சிக்கல் இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல், ஒரு ஆளுக்கு மாதம் 150 டாலர், குடும்பத்துக்கு 300 டாலர் வரை உள்ள சந்தாவுக்கு அந்தச் சிக்கல் நீங்கிவிட்டது.

இந்தச் சந்தா முறையிலேயே வேறு இரண்டு வகையும் உண்டு. ஒன்று பணக்காரர்களுக்கானது, கன்சியர்ஜ் என்பார்கள். 1996-இல் சியாட்டில் நகரத்தில், ஒரு கூடைப்பந்து அணியின் டாக்டராக இருந்த ஹோவர்ட் மேரன் ஆரம்பித்த எம்.டி. ஸ்கொயர் இதில் முன்னோடி. மிகச் சில குடும்பங்களுக்கு மட்டும் பார்ப்பார்கள், வருடச் சந்தா பல ஆயிரம் டாலர். இன்னொன்று ஒன் மெடிக்கல் என்ற கிளினிக் நிறுவனம். அதை அமேசான் கம்பெனி 2023-இல் சுமார் 390 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே சந்தா குறைவு, ஆனால் அது ஆப், சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் போன்ற வசதிகளுக்கு மட்டும்தான். டாக்டரைப் பார்த்தால் வழக்கம்போல இன்சூரன்ஸுக்கு பில் போகும். சந்தா என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு விற்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். மகளிடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் நம்பிக்கை வந்தது ஒரே ஒரு மதியத்தில்.

ஆத்தாவுக்கு 76 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. மதுரையில் ஒரு இதய டாக்டர், காரைக்குடியில் ஒரு பொது டாக்டர், முழங்காலுக்கு ஒருவர் என்று மூன்று பேரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். மூவரும் நல்ல டாக்டர்கள்தான். வாசலில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, ஆளுக்கு நாலு நிமிடம் கிடைக்கும். ஒரு கட்டத்தில் ஆத்தாவுக்குக் கால் இரண்டும் வீங்க ஆரம்பித்தது. வீக்கத்துக்கு நீர் போவதற்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. அதற்கப்புறம் தலைசுற்றல். ஒரு நாள் வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்து வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, வரும்போது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்துவிட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம்தான் இந்தச் சந்தா டாக்டரைப் பற்றி ஒரு சொந்தக்காரர் சொன்னார். நடுத்தர வயது, 150 குடும்பங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார். முதல் தடவை வீட்டுக்கே வந்தார். பட்டாலையில் உட்கார்ந்து, "ஆச்சி, நீங்க சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டாங்க, ஒண்ணு விடாம" என்றார். ஆத்தா எவர்சில்வர் டப்பாவைத் தூக்கி வந்து கொடுத்தார்கள். அவர் அதை அப்படியே தரையில் கொட்டினார். பிறகு ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் திருப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து, ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டே போனார். நாற்பது நிமிடம் இருக்கும்.

இரண்டு அட்டைகளைத் தனியாக எடுத்து என்னிடம் காட்டினார். ஒன்று மதுரையில் கொடுத்தது, டெல்மிசார்டன், அம்லோடிபின் என்ற இரண்டு பிரஷர் மருந்தும் சேர்ந்த மாத்திரை. மற்றொன்று காரைக்குடியில் கொடுத்தது, வெறும் அம்லோடிபின். கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே ஒரே மருந்து. ஆத்தா இரண்டையும் மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார்கள். அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்கும். அந்த வீக்கம் நீர் மாத்திரைக்குச் சரியாகப் போகாது. நீர் மாத்திரை வயதானவர்களுக்கு உடம்பில் உப்பைக் குறைத்துவிடும், உப்பு குறைந்தால் தலைசுற்றும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் அந்த உப்பு, அதாவது சோடியம், குறைவாகத்தான் இருந்தது. மதுரை டாக்டரிடம் அவரே போனில் பேசி, கூடுதல் அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். முழங்கால் வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் ஆகாது என்று அதையும் குறைத்தார். ஒரு மாதத்துக்குள் ஆத்தாவின் கால் பழையபடி ஆகிவிட்டது. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், இது ஆத்தாவுக்கு மட்டும் சொன்ன வைத்தியம்.

இதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. மற்ற மூன்று டாக்டர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். டப்பாவைத் தரையில் கொட்டிப் படிக்க அவர்களிடம் நாற்பது நிமிடம் இல்லை, இவரிடம் இருந்தது. மாதம் நான் கட்டுகிற 1,200 ரூபாய் அந்த நாற்பது நிமிடத்துக்கு என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் எனக்கு உண்டு. அதற்கு முந்தைய வருடம், வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் குடும்ப அட்டை என்று ஒருவர் கடைக்கே வந்து விற்றார். அளவில்லாத ஆலோசனை, லேபில் தள்ளுபடி என்று சொன்னதை நம்பி 4,000 ரூபாய் கட்டினேன். ஆலோசனை என்றால் போன்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு டாக்டர் எடுப்பார், ஆத்தாவின் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும், கடைசியில் "நேரில் வந்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று முடியும். அது தள்ளுபடிச் சீட்டு, அவ்வளவுதான். நம்மைத் தெரிந்த ஒரு டாக்டர் அதில் கிடையாது. தேவகோட்டையில் உங்களிடம் கேட்பது இந்தத் தள்ளுபடிச் சீட்டு ரகமா, ஆத்தாவைப் பார்க்கும் டாக்டர் ரகமா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு நான் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி, மொத்தம் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பது. இதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டால் சந்தாவும் கட்டி வரிசையிலும் நிற்க வேண்டியதுதான். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தால் யார் எடுப்பார், டாக்டர் வெளியூர் போனால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். வீட்டுக்கு வருவதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள். குறிப்பிட்ட லேபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே அனுப்புவாரா என்பதையும் நாசூக்காக விசாரியுங்கள். உங்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கும் விவரங்களின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். அமெரிக்காவில் 2007-இல் சியாட்டிலில் தொடங்கிய குயிலயன்ஸ் என்ற கம்பெனி இந்த முறையில் பேர் போனது, ஜெஃப் பெசோஸ், மைக்கேல் டெல் போன்றவர்களே பணம் போட்டிருந்தார்கள். அதுவே 2017-இல் மூடப்பட்டது. தனி டாக்டர் கிளினிக் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

யாருக்கு இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை காய்ச்சல் வருகிற ஆளுக்கு வேண்டாம், 200, 300 ரூபாய் ஃபீஸோடு முடிகிற விஷயம். பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும் போதும் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அக்காவுக்கு அப்படித்தான் கிடைக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு மேல் நோய், ஒன்றுக்கு மேல் டாக்டர், பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் என்று இருக்கிற வீடுகளுக்குத்தான் சந்தா டாக்டர் உண்மையிலேயே உதவுவார். நம் பக்கத்தில் பெரிய பெரிய வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருப்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்றும் உண்டு. ஒரு டாக்டர் 150 குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டால், கட்ட முடியாதவர்கள் எங்கே போவார்கள்? அமெரிக்காவிலும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். எங்கள் டாக்டர் காலை நேரத்தைச் சந்தா இல்லாதவர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

இன்சூரன்ஸ் பக்கம் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. நம் நாட்டு பாலிசிகள் பெரும்பாலும் 24 மணி நேரமாவது படுத்தால்தான் பணம் தரும், கண்புரை மாதிரி சில சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. வெளிநோயாளிச் செலவு அநேகமாக வராது. சந்தா அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது, அதனால் பாலிசி இருந்தால் தொடருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேருவதற்கு முன்னால் ஒரு நாள் சாதாரண ஃபீஸ் கொடுத்து அந்த தேவகோட்டை டாக்டரைப் பாருங்கள். உங்கள் மாத்திரை டப்பா, வீட்டுக்காரர் டப்பா இரண்டையும், பழைய சீட்டுகளோடு, முழுசாகக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். அவர் அட்டையைத் திருப்பிப் பின்னால் படிக்கிறாரா என்று பாருங்கள். படித்தால் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டிச் சேருங்கள்.