கேட்டால் சிரிக்கிறார்கள், கேட்காமல் செய்தால் திட்டுகிறார்கள்

கேள்வி: அக்கா, எனக்கு முதுகுளத்தூர் பக்கம். மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் நாள் "பார்த்துப் பழகிக்கம்மா" என்றதோடு சரி. சந்தேகம் கேட்டால் கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், தப்பாக எழுதினால் மேனேஜர் திட்டுகிறார். மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் புது ஆட்களை நிறுத்திவிடுவார்கள் என்று டீ குடிக்கும்போது வேறு பேசிக்கொள்கிறார்கள். நானே விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: விடாதே தங்கச்சி. முதலில் அந்தத் தடைக்காலப் பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும், வலையில் நண்டும் வரும், அதனால் கம்பெனியே பூட்டிக்கிடக்கும் என்று நீயாக முடிவு கட்டாதே. ஆளைக் குறைப்பார்களா என்று சொல்ல வேண்டியவர் மேனேஜர். நீயோ அவரை விட்டுவிட்டு மற்ற எல்லோர் பேச்சையும் காதில் வாங்கியிருக்கிறாய். நாளைக்கே அவரிடம் கேட்டுவிடு, நிறுத்துவோம் என்று சொன்னாலும் வேறு இடம் தேட அவகாசம் கிடைக்கும்.

நேராகக் கேட்கத் தயங்குவது உன் குணக்கோளாறு இல்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் விவரம் தெரிந்துகொள்ளும் ஏழு வழிகளை மில்லர், ஜாப்ளின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் எழுதினார்கள்: நேராகக் கேட்பது, சுற்றிவளைத்துக் கேட்பது, மூன்றாம் ஆளிடம் விசாரிப்பது, விதியை மீறிப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கவனிப்பது, அரட்டை மாதிரி பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்குவது, ஒருவரைப் பார்த்து அதேபோல் செய்வது, அப்புறம் காதில் கண்ணில் படுவதையெல்லாம் சேர்த்துவைத்துப் பின்னால் அர்த்தம் கண்டுபிடிப்பது. கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம் ஏற ஏற, ஆள் நேர்வழியை விட்டுவிடுகிறார். நீ கடைசி வழியில் நிற்கிறாய், அதில் கிடைப்பது பாதி வதந்தி.

என்னைக் கேட்டால், வேலை விஷயத்தை நேராகக் கேள், மனிதர்கள் விஷயத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். எடை வேகவைக்கும் முன் எழுதுவதா பின்னா, உடைந்த நண்டு எந்தக் கணக்கில், முன்பணத்தை எங்கே கழிப்பது, இதையெல்லாம் ஊகித்து எழுதினால் திட்டு நிச்சயம். யாருக்கு யார் மாமன் மச்சான், யாருக்கு எப்போது கோபம் வரும் என்பதை மட்டும் வாய்விட்டுக் கேட்காதே, தானாகத் தெரியவரும்.

நேரமும் பார். லோடு இறங்கும்போது மேனேஜர் பக்கமே போகாதே. சதை எடுக்கும் பெண்களில் பல வருடமாக இருக்கிற ஓர் அக்கா கட்டாயம் இருப்பார், மதியச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் உட்கார், மேனேஜர் சொல்லாததும் அங்கே கிடைக்கும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், கேலி செய்கிறார்கள் என்றால் பாதி நேரம் உன்னைத் தங்கள் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம். (மீதி நேரம் வெறும் திமிர், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

"பார்த்துப் பழகிக்க" என்று விட்டது கம்பெனியின் தப்பு. முதல் நாள் அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டு மாதத் திட்டு மிச்சம். சரி, இனி அவர்கள் செய்யப்போவதில்லை. தப்பு வந்த பக்கங்களை நீயே எடுத்துக்கொண்டு போ, வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து, "சார், இதில் எது சரின்னு ஒருதடவை திருத்திக் கொடுங்க" என்று கேள். அவர் திருத்தியதை உன் நோட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொள்.