லிஸ்பன் தெருக்கள்: ஒரு பொறியாளரின் பதில்கள்

(ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனை நடந்தே பாருங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தார். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து சில.)

கேள்வி: லிஸ்பனில் எங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. எல்லோரும் 28ஆம் நம்பர் டிராமில் ஏறச் சொல்கிறார்கள். நீங்கள் எங்கே ஆரம்பிக்கச் சொல்வீர்கள்?
– திருச்சி வாசகி

பதில்: டிராமை விடுங்கள் அம்மா. நிற்க இடமிருக்காது, ஆனால் பையில் கைவிட ஆள் இருப்பான். தேஜோ ஆற்றங்கரையில் ப்ராசா தோ கொமேர்சியோ என்ற பெரிய சதுக்கம் இருக்கிறது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி அங்கே நின்றால் மூன்று பக்கமும் மஞ்சள் கட்டடங்கள், நடுவில் குதிரைமேல் முதலாம் ஜோசே மன்னர். சிலை வைத்தது 1775இல். ஊர்க்காரர்கள் இன்னமும் இதை அரண்மனைத் திடல் என்றுதான் சொல்கிறார்கள். அரண்மனையைத் தேடாதீர்கள், அது 1755 நவம்பர் 1 காலையிலேயே போய்விட்டது.

அன்று சகல புனிதர் திருநாள். கோயில் நிறைய ஜனம், பீடம் நிறைய மெழுகுவர்த்தி. ஒன்பதரை மணி வாக்கில் நிலம் ஆடியது. கொஞ்ச நேரத்தில் ஆற்று வழியே கடல் ஏறி வந்தது. மெழுகுவர்த்தியும் அடுப்பும் பற்றவைத்த தீ ஐந்தாறு நாள் எரிந்தது. மலபார் மிளகு வியாபாரத்தை நடத்திய காசா த இந்தியாவும் அதன் ஆவணங்களும் அரண்மனையோடு சாம்பல். அந்த வருஷம்தான் திறந்திருந்த ஒப்பேரா அரங்கமும் தப்பவில்லை. மன்னருக்கு அதற்கப்புறம் கல் கட்டடம் என்றாலே நடுக்கம். அஜுடா மேட்டில் மரத்தால் ஓர் அரண்மனை கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். கல்லால் ஊரைத் திரும்ப எழுப்பியவர் அவருடைய மந்திரி, பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் வாங்கியவர்.

இவ்வளவையும் மனதில் வாங்கிக்கொண்டு சதுக்கத்தின் வளைவு வழியாக ருவா அவுகுஸ்தா தெருவுக்குள் போங்கள். அப்புறம் நீங்கள் பார்க்கிற ஒவ்வொன்றும் அந்தக் காலைக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டுக்கொண்டே நடந்தால், வழிகாட்டிகூட வேண்டாம்.

கேள்வி: அந்தத் தெருக்களைத்தான் நான் பார்த்தேன். நேர்கோடு போட்ட மாதிரி தெரு, ஒரே மாதிரி ஜன்னல். அலுப்புத் தட்டிவிட்டது. இதில் என்ன இருக்கிறது என்று புகழ்கிறீர்கள்?
– கோவை வாசகர்

பதில்: ஒரே மாதிரி இருக்கிறதே, அதைத்தான் புகழ்கிறேன். பைஷா என்கிற அந்தத் தாழ்வான பகுதிக்குத் திட்டம் போட உட்கார்ந்த தலைமைப் பொறியாளர் மனுவேல் த மையாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. பழையபடியே கட்டலாம் என்பதிலிருந்து, ஊரையே வேறிடத்துக்கு மாற்றலாம் என்பது வரைக்கும் பல யோசனைகளை எழுதி வைத்தார். கடைசியில், இடிபாட்டை நிரவிவிட்டுப் புதுத் தெரு போடுவது என்று முடிவாயிற்று. வாசல்கல், ஜன்னல், இரும்புக் கம்பி எல்லாம் ஒரே அளவு. வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். பிரபு வீடாக இருந்தாலும் முகப்பில் தனி அலங்காரம் கூடாது என்று உத்தரவு.

ஆனால் விஷயம் சுவருக்குள்ளே இருக்கிறது. நிலைக்கட்டை, குறுக்குக்கட்டை, நடுவில் பெருக்கல் குறி போலச் சாய்வுக்கட்டைகள் என்று தரைத்தளத்துக்கு மேலே கட்டடம் முழுக்க ஒரு மரக்கூண்டு. அந்தக் கட்டங்களைக் கல்லும் சுண்ணாம்பும் போட்டு அடைத்துப் பூசிவிட்டார்கள். பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். காரை உதிர்ந்தாலும் கூண்டு நிற்க வேண்டும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டு ஒன்றைச் செய்து, சுற்றிலும் சிப்பாய்களைக் காலை ஓங்கி மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். தீ மேலே ஏறாமலிருக்கத் தரைத்தளத்தில் வளைவுக் கூரை. அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்கப் பொதுச்சுவரைக் கூரைக்கும் மேலே உயர்த்தினார்கள். எதிர்ச்சாரியிலிருந்து அண்ணாந்து பார்த்தால், ஓட்டுக்கூரைக்கு மேலே அந்தச் சுவர் துருத்திக்கொண்டு நிற்பது சில இடங்களில் இன்றும் தெரியும்.

அடியில் ஆற்று வண்டல். அதனால் பைன் மரத்தைக் கழிகழியாக அடித்து, அதன்மேல் அஸ்திவாரம். ருவா தோஸ் கொர்ரெயெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கியின் நிலவறையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரோமானியர் மீனை உப்புப் போட்டு ஊறவைத்த தொட்டிகள், அவற்றின் பக்கத்திலேயே கறுத்த பைன் தலைகள். முன்பதிவு செய்தால் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அந்த மரம் தண்ணீருக்குள் இருக்கிறவரை கெடாது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கும். அதைவிட எனக்குப் பயம், முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே கூண்டைப் பிய்த்தெடுத்து ஓட்டல் கட்டுகிறார்களே, அதுதான். வெளியே நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. கோட்டைமேடு ஏற முடியுமா?
– மதுரை வாசகி

பதில்: தாராளமாக. ருவா தோஸ் ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஒரு சாதாரண வீட்டு வாசலுக்குள் நகராட்சி லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. மேல் தெருவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சூப்பர்மார்க்கெட் இருக்கிற கட்டடத்தில் இன்னொரு லிஃப்ட். அது கோட்டையடியில் கொண்டுபோய் விடும். திரும்பும்போது அல்ஃபாமா சந்துகள் வழியாக மெல்ல இறங்கிவாருங்கள். கெட்டியான மேட்டு நிலம் என்பதால் அந்தப் பகுதிக்கு 1755இல் சேதம் குறைவு. மூர்கள் என்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் ஆண்ட காலத்துச் சந்துகளின் வளைசல் அப்படியே இருக்கிறது. கைப்பிடிக் கம்பியை விடாதீர்கள்.

கேள்வி: சாந்தா ஜுஸ்தா லிஃப்டுக்கு அவ்வளவு கியூ நிற்கிறதே, நிற்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். 1902இல் திறந்த அந்த 45 மீட்டர் இரும்புக் கோபுரத்தைக் கீழே நின்று ரசித்துவிட்டு, ஷியாடு பகுதி வழியாக மேலே நடந்துபோங்கள். அங்கே பூகம்பத்தில் இடிந்த கார்மோ மடத்தின் தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. வளைவுகள் மட்டும் வானத்தில். பிற்பாடு பழுதுபார்க்க ஆரம்பித்து, பாதியில் அப்படியே விட்டுவிட்டார்கள். நல்ல காரியம்.

அது பிடித்தால், ரோசியு சதுக்கத்தின் பக்கத்தில் சாவ் தொமிங்கோஸ் தேவாலயத்தையும் பாருங்கள். பூகம்பம் அடித்தது போதாதென்று 1959இல் உள்ளே தீப்பிடித்தது. தூண்களின் அருகே போய்ப் பார்த்தால், சூட்டில் கல் செதில் செதிலாகத் தெறித்து, விளிம்பெல்லாம் மழுங்கியிருப்பது தெரியும். பூசி மறைக்காமல் பூசை நடத்துகிறார்கள். 1506இல், யூத மதத்திலிருந்து கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்டவர்களை நகரமெங்கும் கொன்ற கலவரம் தொடங்கியதும் இந்தக் கோயிலில்தான். வாசலுக்கு வெளியே நினைவுக்கல் இருக்கிறது.

கேள்வி: தமிழுக்கும் லிஸ்பனுக்கும் தொடர்பு உண்டாமே?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: உண்டு. 1554இல் லிஸ்பனில் அச்சான கார்டிலா என்ற வேதபாடப் புத்தகத்தில் தமிழ் இருக்கிறது, ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே புத்தகம் வர 1578 வரை, கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நடைபாதைக் கல் வழுக்கும் என்கிறார்களே, என்ன செருப்புப் போடுவது?
– சென்னை வாசகி

பதில்: ரப்பர் அடி வைத்த ஷூ. வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கறுப்புக்கல்லும் உள்ளங்கை அளவில் உடைத்து மணலில் பதித்தவை அவை. கால்பட்டுக் கால்பட்டுச் சோப்புக்கட்டி போல வழவழப்பாகிவிட்டன, தூறல் போட்டால் ஆபத்துத்தான். 1842இல் கோட்டைக் கைதிகளை வைத்துத் தொடங்கிய வேலை, அடுத்த சில வருஷங்களில் ரோசியு சதுக்கத்தில் அலை அலையாகக் கறுப்பு வெள்ளைத் தரையாக வந்தது. பழுதுபார்க்கிற ஆளைக் கண்டால் நின்று பாருங்கள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, கல்லைக் கையிலேயே வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டு. இடுக்கில் உட்காருகிற மாதிரி உடைந்துவிடும். அளவுகோல் எடுக்கவே மாட்டார்.

கேள்வி: வீட்டு முகப்பில் ஒட்டியிருக்கும் நீல ஓடுகள் பழசு வாங்க முடியுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: செவ்வாய், சனிகளில் நடக்கும் ஃபெய்ரா த லத்ரா சந்தையில் கிடைக்கும். வாங்காதீர்கள். பல ஓடுகள் சுவரிலிருந்து திருடிப் பெயர்த்தவை. முகப்பு ஓடுகளைப் பெயர்ப்பதைத் தடுக்க 2017இல் சட்டமே போட்டார்கள். புது ஓடு வாங்குங்கள். பழசைப் பார்க்க ஓட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 1700 வாக்கில் செய்த 23 மீட்டர் நீள ஓட்டுப் படத்தில், பூகம்பத்துக்கு முந்திய லிஸ்பன் முழுக்க வரிசையாக நிற்கிறது, அந்த அரண்மனை உட்பட.

கேள்வி: அங்கே நம்மூர் ஆட்டோ ஓடுகிறதாமே?
– விழுப்புரம் வாசகர்

பதில்: ஓடுகிறது, சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும். மணிக்கணக்கில் வாடகை. அதைக் கேட்டால் மதுரை வாசகிக்குச் சொன்ன லிஃப்டே தேவலை என்பீர்கள்.