பழைய பிக்கப் என்ன சுமந்தது? வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

சிறு சரக்கு வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையை இருபத்தைந்து ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பழைய பிக்கப் வாங்க நினைப்பவர்களும் வாங்கியபின் தவிப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரம் செய்கிறேன். 2014-ஆம் ஆண்டு பொலிரோ பிக்கப் ஒன்று விலைக்கு வந்துள்ளது. மீட்டர் 1,40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஒரே ஓனர், ஓட்டம் குறைவு என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாண்டுக்கு மேல் ஓடிய வண்டி 1,40,000 என்றால் நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட வரவில்லை. தொழிலுக்கு ஓடிய பிக்கப்புக்கு இது மிகக் குறைவு. கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, ஸ்டியரிங்கில் கை படும் இடம் வழவழத்திருக்கிறதா, ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கமாக அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரைக் குறைப்பவர்கள் இவற்றை மாற்ற மெனக்கெடுவதில்லை.

ஆயினும் கிலோமீட்டரைவிட, அந்த வண்டி இதுவரை என்ன சுமந்தது என்பதையே நான் முதலில் கேட்பேன். பால் வண்டி நாள்தோறும் ஒரே வழியில் அளவான பாரத்தோடு ஓடுவதால், மூன்று லட்சம் கடந்தபின்னும் எஞ்சின் திடமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போட்ட வண்டிக்குக் கிளட்சும் பிரேக்கும் போயிருக்கும், அவற்றை மாற்றிவிடலாம். செங்கல்லும் எம்-சாண்டும் அடித்த வண்டியில் சேஸிஸே (வண்டியின் அடிச்சட்டம்) வளைந்திருக்கும், அதை மாற்ற முடியாது. கோழி ஏற்றிய வண்டியில் எச்சம் விழுந்து விழுந்து லோடு பாடியின் தரைத்தகடு அரித்திருக்கும். ஆகவே அந்த ஓனரின் ஊருக்கே போய், பக்கத்து டீக்கடையில் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று விசாரியுங்கள்.

தூத்துக்குடியில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி, சந்தை விலையைவிட அறுபதாயிரம் குறைவாகக் கிடைக்கிறது. அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா, அண்ணா?

தம்பி, அந்தப் புதுப் பெயிண்டுதான் எனக்குக் கவலை தருகிறது. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்பும் லோடு பாடி வழியே இறங்கிச் சேஸிஸின் உட்புறத்தில் தேங்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் இரும்பு உள்ளிருந்து அரிக்கப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வண்டியை, முன்பணம் கொடுத்துவிட்ட நிலையில், ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். அடியில் படுத்து, பின்சக்கரத்துக்கு மேலே கமான் பட்டை (பாரம் தாங்கும் இரும்பு வில்பட்டை) மாட்டியிருக்கும் தாங்கியின் அருகில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். பெயிண்ட் தோல்போல உரிந்து, முனை கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது துருப்பொடி என் முகத்தில் கொட்டியது. அந்த இடம்தான் முழுப் பாரத்தையும் தாங்குவது. அங்கே தகடு வைத்து வெல்டிங் அடித்தாலும், அதை ஒட்டிய இரும்பும் மெலிந்திருப்பதால் பிடிப்பு நிற்காது. அறுபதாயிரம் அல்ல, ஒரு லட்சம் குறைத்தாலும் இத்தகைய வண்டியை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பாரத்தோடு சேஸிஸ் முறிந்தால் போவது ஓட்டுநரின் உயிர்.

மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்ல வசதி இல்லாதவர்கள் எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

முன்கூட்டியே சொல்லாமல், காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே போய்விடுங்கள். பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நல்ல டீசல் எஞ்சின் குளிர்ந்த நிலையிலும் ஓரிரு சுற்றில் பிடித்துவிடும். நெடுநேரம் செல்ஃப் அடித்துத்தான் கிளம்புகிறது என்றால் கம்ப்ரஷன், இன்ஜெக்டர், பேட்டரி என்று காரணம் தேட வேண்டியிருக்கும். புகையைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்போ இன்ஜெக்டர் கோளாறோ இருக்கலாம். இதில் பெரும்பாலும் செலவு கட்டுப்படும். எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காமல், இனிப்பான வாடையும் அடித்தால், கூலண்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி மெல்ல நடுங்கினால் பாதகமில்லை. துள்ளிக் கீழே விழுந்தால், பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது எரிந்த வாயு கீழே கசிகிறது, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்துவிட்டன. மூடியின் உட்புறத்தில் மோர் கடைந்ததுபோல் வெளிறிய நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறவுங்கள். உள்ளே செங்காவி நிறத் தண்ணீர் இருந்தால், கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. கடைசியாக, காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். பத்து மூட்டையாவது ஏற்றி, மேடான சாலையில் இருபது நிமிடம் ஓட்டி, வெப்ப முள் ஏறுகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒப்பாத ஓனரிடம் வண்டி வாங்க வேண்டாம்.

நான் பார்த்த வண்டியில் பின்பக்கம் கூடுதலாக இரண்டு கமான் பட்டை போட்டிருக்கிறார்கள். பாரம் நன்றாகத் தாங்கும் என்கிறார்களே?

பட்டை தாங்கும். ஆனால் ஆக்சில், சேஸிஸ், பிரேக் ஆகியவை நிறுவனம் குறித்த எடைக்கே செய்யப்பட்டவை. கூடுதல் பட்டை இருந்தால், அந்த வண்டி ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஆவணங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) உள்ள சேஸிஸ் நம்பரின் மேல் நம்பிக்கை வைக்காமல், சேஸிஸில் பொறித்த எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பரையும் சரிபாருங்கள். கடன் இருந்திருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் ஹெச்.பி. (நிதி நிறுவனத்தின் கடன் பதிவு) கேன்சல் ஆனபின்பே முழுத் தொகையைக் கொடுங்கள். வரி பாக்கி, பசுமை வரி, நிலுவையிலுள்ள இ-சலான் ஆகியவற்றைப் பரிவாகன் தளத்தில் பாருங்கள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், எஃப்.சி. முடியும் தறுவாயில் விற்கப்படும் வண்டி என்றால், அதைக் காட்டித் தருவது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை.

நான் விற்றவன். இரண்டு ஆண்டுக்கு முன் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்திட்டு வண்டியைக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. எனக்குச் சிக்கல் வருமா?

வரும், ஐயா. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. இனியும் தாமதிக்காமல், விற்பனை ஒப்பந்த நகலோடு பதிவுத் தபாலில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். வாங்கியவருக்கும் ஒரு நகல் அனுப்பி, வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொள்ளுங்கள்.

பிக்கப் ஓட்ட கார் லைசென்ஸ் போதுமா?

போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

சென்னைக்குள் மட்டும் மளிகைப் பொருள் கொண்டுசெல்ல பி.எஸ். 4 வண்டி நல்லதா, பி.எஸ். 6 நல்லதா?

பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த மாசு அளவு. 2020 ஏப்ரலுக்குப் பின் விற்கப்பட்டவை பி.எஸ். 6. அந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி நெடுந்தூரம் ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து தீரும். தெருவுக்குத் தெரு நிறுத்தி ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டத்துக்கு, நல்ல நிலையிலுள்ள பி.எஸ். 4 வண்டியைத் தேடுவதே என் யோசனை. பி.எஸ். 6-தான் வாங்குவதென்றால், வாரம் ஒருமுறை புறவழிச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளிர் குழு 2012-ஆம் ஆண்டு குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறது. ஓட்டுநர் சொல்வதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பராமரிப்பை நாங்களே எப்படிக் கவனிப்பது?

அம்மா, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள். நாள்தோறும் காலையில் மீட்டர் எண், ஆயில் அளவு, கூலண்ட் அளவு ஆகிய மூன்றையும் உங்களில் ஒருவரே பார்த்து எழுதுங்கள். ஆயில் அளவு வாரத்துக்கு வாரம் இறங்குவது ஓட்டுநருக்குத் தெரிவதற்கு முன்பே உங்கள் நோட்டில் தெரிந்துவிடும். ஆயில் மாற்றும் இடைவெளியை நிறுவனத்தின் கையேட்டில் பார்த்துக்கொண்டு, பழைய எஞ்சின் என்பதால் அதற்குச் சற்று முன்னதாகவே மாற்றுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை மாதம் ஒருமுறை வடியவிடச் சொல்லுங்கள். பிராப்பெல்லர் ஷாஃப்டின் (பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு) மூட்டான கிராஸுக்கும் கமான் பட்டையின் ஷேக்கிளுக்கும் கிரீஸ் அடித்த நாளையும் குறியுங்கள். கிளம்பும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அந்தக் கிராஸ் தேய்ந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போட வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) போடலாமா?

பின்சக்கரத்துக்கு மட்டும், அதுவும் பக்கச்சுவர் வெடிப்பில்லாத டயராக இருந்தால் போடலாம். முன்சக்கரத்துக்கு வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய வண்டி வாங்கும்போது ஸ்டெப்னியையும் இறக்கி அந்த எண்ணைப் பாருங்கள். பத்தாண்டாக அங்கேயே தொங்கிக்கொண்டிருந்த டயரைப் பட்டறையில் பலமுறை இறக்கியிருக்கிறேன், கை வைத்ததும் பாளம் பாளமாக வெடிப்பு தெரியும்.